ரோந்துக் காரில் ஒரு கார்பைன்

ஒரு நகரக் காவல்துறையின் தலைவராக உங்களைச் சற்றே எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் நகரம் அமெரிக்காவில் இருக்கிறது. ரோந்து செல்லும் ஒவ்வொரு காவலரின் இடுப்பிலும் ஒரு 9 மில்லிமீட்டர் பிஸ்டல் இருக்கிறது. ரோந்துக் காரில் ஒரு ஷாட்கன் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இப்போது உங்கள் மேசைக்கு ஒரு கோரிக்கை வருகிறது. பிஸ்டலில் போடும் அதே தோட்டாவைச் சுடக்கூடிய, ஆனால் தோளில் அணைத்துப் பிடிக்கக்கூடிய நீண்ட துப்பாக்கி ஒன்றை ஒவ்வொரு காரிலும் வைக்கலாமா என்பதே கேள்வி. இத்தகைய துப்பாக்கியைப் பிஸ்டல் தோட்டாக் கார்பைன் என்பர்.

விற்பனையாளரின் விளக்கத்தாள் மூன்று நன்மைகளைச் சொல்கிறது. குறி எளிதில் தவறாது; குண்டின் வேகம் கூடும்; இரண்டு துப்பாக்கிகளுக்கும் ஒரே தோட்டா போதும். இவை உண்மையா? உண்மையானால் எவ்வளவு உண்மை? இதற்கு விடை காண நீங்கள் ஆயுத நிபுணராக இருக்க வேண்டியதில்லை. பள்ளியில் படித்த ஒத்த முக்கோணங்கள், உந்தம், இயக்க ஆற்றல், நிகழ்தகவு ஆகிய நான்கும் போதும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கார்பைன் என்பது யாது?

குதிரை மீது அமர்ந்து நீண்ட துப்பாக்கியைக் கையாளுவது கடினம். ஆகவே ஐரோப்பியக் குதிரைப் படையினருக்கென நீளம் குறைந்த துப்பாக்கிகள் செய்யப்பட்டன. அவற்றின் பெயரே கார்பைன். பின்னர், நீளம் குறைந்த எந்த ரைபிளுக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று.

கைத்துப்பாக்கிக்கும் நீண்ட துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா என்ற எண்ணமும் புதிதன்று. அமெரிக்காவில் 1873-இல் வெளிவந்த வின்செஸ்டர் ரைபிளின் தோட்டாவுக்கு ஏற்பக் கோல்ட் நிறுவனம் சில ஆண்டுகளில் தன் ரிவால்வரையும் செய்து விற்றது. ஊரும் கடையும் அரிதான புல்வெளிகளில் பயணம் செய்தவருக்கு ஒரே பையில் ஒரே வகைத் தோட்டா என்பது பெரிய வசதி.

இன்று உலகெங்கும் காவலர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவை ஜெர்மனியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியவர் கெயார்க் லூகர். நம் நாட்டுக் காவலர் தோளில் நீங்கள் கண்டிருக்கக்கூடிய, கான்பூரில் செய்யப்பட்ட ஸ்டெர்லிங் வகைக் 'கார்பைன்' சுடுவதும் இதே தோட்டாவைத்தான். ஆனால் அது விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் படைக்கருவி. நாம் இங்கு ஆராய்வது, விசையை ஒரு முறை இழுத்தால் ஒரே ஒரு குண்டு மட்டும் வெளிப்படும் வகை. அமெரிக்காவில் ரூகர் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் 'போலீஸ் கார்பைன்' என்ற பெயரிலேயே இதைச் செய்தது. அந்நிறுவனத்தின் பிஸ்டல் மேகசினையே கழற்றி அதில் மாட்டலாம். லண்டனில் 1991-இல் தொடங்கிய ஆயுத ரோந்துக் கார்களிலும், ஒவ்வொரு குண்டாக மட்டும் சுடுமாறு மாற்றப்பட்ட எம்.பி.5 என்ற 9 மி.மீ. துப்பாக்கி வைக்கப்பட்டது.

தவறிய குண்டு எங்கே போகிறது?

பிஸ்டல் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நியூயார்க் நகரக் காவல்துறையைப் பற்றி ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1998 முதல் 2006 வரை எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் காவலர்களின் குண்டுகளில் சராசரியாக 100-க்கு 18 மட்டுமே இலக்கில் பட்டன என்று அது கணக்கிட்டது. எதிராளி சுடாத வேளைகளில்கூட 100-க்கு 30 தான். இவர்கள் பயிற்சி பெற்றவர்கள். பயிற்சித் திடலில் காகித இலக்கைத் தவறாமல் அடிப்பவர்கள். அச்சத்தில் இதயம் படபடக்க, கை நடுங்க, இலக்கும் அசையும்போது நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது.

மீதி 82 குண்டுகள் எங்கே போயின? அவை காற்றில் கரைந்துவிடுவதில்லை. 2012 ஆகஸ்ட் 24 அன்று நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அருகே, துப்பாக்கியை நீட்டிய ஒருவனை நோக்கி இரு காவலர்கள் 16 குண்டுகளைச் சுட்டனர். அவன் இறந்தான். ஆனால் நடைபாதையில் இருந்த 9 பேர் காயமுற்றனர். அத்தனை பேரையும் காயப்படுத்தியவை காவலர்களின் குண்டுகளும் அவற்றின் சிதறல்களுமே. ஆகவே, குறி தவறாத துப்பாக்கி என்பது காவலருக்கு மட்டும் நன்மை தருவதன்று. தெருவில் செல்லும் நமக்கும் அது உயிர்ப் பிரச்சினை.

காரில் உள்ள ஷாட்கன் இதற்குத் தீர்வாகுமா? அதன் வழக்கமான தோட்டா ஒன்றில் 9 ஈயக் குண்டுகள் இருக்கும். சுட்டதும் அவை விரிந்துகொண்டே செல்லும். தொலைவு கூடக்கூடச் சில குண்டுகள் இலக்கிலும் மற்றவை அதைச் சுற்றிலும் பாயும். உதைப்பும் மிக வலியது. உடல் மெலிந்த பல காவலர்கள் அதைக் கண்டாலே தயங்குவர்.

ஒரு மில்லிமீட்டர் பிழை

கார்பைன் ஏன் குறி தவறுவதில்லை? இதற்கு ஒத்த முக்கோணங்கள் விடை சொல்லும்.

துப்பாக்கியின் முன்னே ஒரு குறியும் பின்னே ஒரு குறியும் உண்டு. இரண்டையும் இலக்கோடு ஒரே நேர்கோட்டில் நிறுத்த வேண்டும். பிஸ்டலில் இவ்விரு குறிகளுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 15 செ.மீ. கார்பைனில் சுமார் 40 செ.மீ. என்று கொள்வோம். கை நடுக்கத்தால் முன் குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகிவிட்டது. 25 மீட்டர் தூரத்தில் என்ன ஆகும்? பிஸ்டலின் குண்டு ஏறத்தாழ 17 செ.மீ. விலகும். கார்பைனின் குண்டோ 6 செ.மீ. அளவே விலகும். 50 மீட்டரில் இவை முறையே 33 செ.மீ., 12.5 செ.மீ. ஆகின்றன. மனித மார்பின் நடுவிலிருந்து விளிம்பு வரை சுமார் 20 செ.மீ. தான். எனவே அந்தத் தூரத்தில் அதே ஒரு மில்லிமீட்டர் பிழை பிஸ்டலில் குண்டை வெளியே அனுப்பிவிடுகிறது. கார்பைனில் இலக்குக்குள்ளேயே வைத்திருக்கிறது.

இன்னொரு காரணம், பிடிக்கும் முறை. பிஸ்டலை இரு கைகள் மட்டுமே தாங்குகின்றன. கைகளோ நீட்டிய நிலையில் மணிக்கட்டில் வளையக்கூடியவை. கார்பைனை இரு கைகள், தோள், கன்னம் ஆகிய நான்கு இடங்கள் தாங்குகின்றன. மூன்று கால் முக்காலி அசையாமல் நிற்பதைப் போன்றது இது. குறி இரண்டையும் பொருத்தும் தொல்லை இல்லாத, கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும் கருவிகள் இப்போது பிஸ்டலுக்கும் வந்துவிட்டன. அவை குறிப் பிழையைக் குறைக்கும். ஆனால் தோளும் கன்னமும் தரும் தாங்கலைத் தர முடியாது.

உதைப்பின் கணக்கு

நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவுகொள்ளுங்கள். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். 8 கிராம் எடையுள்ள 9 மி.மீ. குண்டு பிஸ்டலிலிருந்து நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் உந்தம் 2.8 கிலோகிராம் மீட்டர்/நொடி. பிஸ்டலின் எடை 1 கிலோகிராம் எனில் அது நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். அதன் இயக்க ஆற்றல் சுமார் 3.9 ஜூல்.

அதே குண்டு கார்பைனிலிருந்து நொடிக்கு 390 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். உந்தம் 3.1 ஆகக் கூடுகிறது. ஆனால் கார்பைனின் எடை 3 கிலோகிராம். எனவே அது பின்னே வரும் வேகம் நொடிக்கு 1 மீட்டருக்குச் சற்றே மிகுதி, ஆற்றல் 1.6 ஜூல். பிஸ்டலின் உதைப்பில் பாதிகூட இல்லை. (வெளியேறும் வாயுவின் உந்தத்தை இங்கு நாம் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் ஒப்பீடு பெரிதும் மாறாது.) முதல் குண்டுக்குப் பிறகு துப்பாக்கி விரைவில் பழைய நிலைக்கு வந்துவிடும். புதிய காவலரும் அஞ்சாமல் பயிற்சி பெறலாம்.

ஆனால் கணக்கு சொல்வதும் தோள் உணர்வதும் சில வேளை வேறுபடும். எளிய 9 மி.மீ. கார்பைன்களில் தோட்டாவின் பின்புறத்தை எந்தப் பூட்டும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. கனமான இரும்புப் போல்ட் ஒன்றின் நிலைமமே அதைத் தாங்குகிறது. வெடித்தவுடன் குண்டு முன்னேயும் போல்ட் பின்னேயும் நகரத் தொடங்கும். போல்ட் கனமாக இருப்பதால் மெல்ல நகரும். அதற்குள் குண்டு குழலைவிட்டு வெளியேறி, அழுத்தம் தணிந்துவிடும். செய்வதற்கு எளிது, விலையும் குறைவு. ஆயினும் அரைக் கிலோவுக்கும் மிகுந்த அந்த இரும்பு பின்கோடியில் சென்று மோதும்போது தோளில் ஓர் இடிபோல் உணரப்படும். இதனால்தான் இரண்டையும் சுட்டுப் பார்த்த பலர், எளிய 9 மி.மீ. கார்பைனின் உதைப்பும் அதைவிட ஆற்றல் மிகுந்த 5.56 மி.மீ. ரைபிளின் உதைப்பும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதாகக் கூறுகின்றனர். விளக்கத்தாளில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல் காவலர்களின் தோளில் வைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

குழல் நீண்டால் வேகம் கூடுமா?

கூடும்; ஆனால் சிறிதளவே. பிஸ்டலின் குழல் சுமார் 10 முதல் 12 செ.மீ. நீளமுடையது. கார்பைனின் குழல் 40 செ.மீ. அளவு இருக்கும். குழல் நான்கு மடங்கு நீண்டும் வேகம் 350-இலிருந்து 390 ஆகத்தானே உயர்ந்தது? காரணம், தோட்டாவில் உள்ள வெடிமருந்து மிகக் குறைவு; அரைக் கிராம்கூட இல்லை. அது குறுகிய குழலுக்கென விரைவாக எரியுமாறு செய்யப்பட்டது. குண்டு சிறிது தூரம் செல்வதற்குள் மருந்து எரிந்து முடிந்துவிடும். அதன் பிறகு வாயு விரிந்து, குளிர்ந்து, அழுத்தம் குறைந்துகொண்டே போகும். மீதிக் குழலில் கிடைப்பது களைத்த வாயுவின் தள்ளலே.

ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுமாதலால், வேகம் 11 விழுக்காடு உயர்ந்தால் ஆற்றல் 24 விழுக்காடு உயர்கிறது. அதாவது 490 ஜூல் 608 ஜூல் ஆகிறது. 5.56 மி.மீ. ரைபிள் தோட்டாவில் ஏறத்தாழ ஒன்றரைக் கிராமுக்கும் மிகுந்த, மெதுவாக எரியும் மருந்து உண்டு. அது 3.6 கிராம் குண்டை அதே நீளக் குழலிலிருந்து நொடிக்குச் சுமார் 930 மீட்டர் வேகத்தில் அனுப்பும். ஆற்றல் சுமார் 1,550 ஜூல். கார்பைன் நீளத்தில் ரைபிளை ஒத்திருக்கலாம். ஆற்றலில் அது நீண்ட பிஸ்டலே.

இவ்வேறுபாடு தூரத்திலும் தெரியும். குழலை விட்டு வெளிவந்த கணமே எந்தக் குண்டும் கீழே விழத் தொடங்குகிறது. 100 மீட்டர் செல்வதற்குள் 9 மி.மீ. கார்பைனின் குண்டு, குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. தாழ்ந்துவிடும். ரைபிளின் குண்டோ 6 அல்லது 7 செ.மீ. மட்டுமே தாழும். ஆகவே நகரத் தெருவின் அளவான 50, 75 மீட்டர் வரை கார்பைன் கவலையின்றிக் குறி வைக்க ஏற்றது. அதற்கு மேல் காவலர் தூரத்தைக் கணித்துக் குறியை உயர்த்த வேண்டும். ஆபத்தான வேளையில் இது எளிதன்று.

நீண்ட குழலால் இன்னொரு நன்மை உண்டு. வாயு வெளிவரும்போது அதன் அழுத்தம் தணிந்திருப்பதால் ஒளியும் ஓசையும் குறைகின்றன. ஆயினும் காதுக்கு இது பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள். திடீர் ஓசைக்கு 140 டெசிபெல் என்பதே எல்லை. துப்பாக்கிகள் பெரும்பாலும் அதைத் தாண்டுபவை. பயிற்சியின்போது காதுக் கவசம் கட்டாயம் வேண்டும்.

கவசச் சட்டை என்ற தடை

1965-இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் என்ற வேதியியலாளர் மிக வலிய செயற்கை இழை ஒன்றுக்கு வழி கண்டார். அதுவே கெவ்லார். அதைப் பல அடுக்குகளாக நெய்து காவலருக்குக் கவசச் சட்டை செய்தனர். பிஸ்டல் குண்டு அதில் படும்போது, மீன் வலையில் சிக்கிய பந்தைப் போலப் பல இழைகள் ஒன்றுசேர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். ஈயம் நசுங்கி அகலமாகும்; ஆற்றல் பரவிவிடும்.

இத்தகைய சட்டையைக் கொள்ளையரும் அணியலாம் அல்லவா? 1997 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் வடக்கு ஹாலிவுட் பகுதியில் அதுவே நிகழ்ந்தது. வங்கி ஒன்றைக் கொள்ளையிட்ட இருவர் உடல் முழுதும் கவசம் அணிந்து, தானியங்கி ரைபிள்களுடன் வெளியே வந்தனர். ரோந்துக் காவலரிடம் இருந்தவை 9 மி.மீ. பிஸ்டல்கள், ரிவால்வர்கள், ஷாட்கன்கள் ஆகியவையே. அவற்றின் குண்டுகள் பட்டும் கொள்ளையர் நடந்துகொண்டே சுட்டனர். காவலர் சிலர் அருகிலிருந்த துப்பாக்கிக் கடைக்கு ஓடி ரைபிள் வாங்கிவர நேர்ந்தது. மோதல் 44 நிமிடம் நீடித்தது. காவலரும் பொதுமக்களுமாக ஏறத்தாழ 20 பேர் காயமுற்றனர். இறுதியில் கொள்ளையர் இருவரும் இறந்தனர்.

அன்று அக்காவலரிடம் 9 மி.மீ. கார்பைன் இருந்திருந்தால்? குறி இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கவசத்தை அது துளைத்திருக்குமா? கணக்கிடுவோம். துளைக்கும் திறனை, ஆற்றலைக் குண்டின் குறுக்குப் பரப்பால் வகுத்து ஓரளவு மதிப்பிடலாம். 9 மி.மீ. குண்டின் பரப்பு 0.64 சதுர செ.மீ. எனவே சதுர செ.மீ.க்குச் சுமார் 950 ஜூல். 5.56 ரைபிள் குண்டின் பரப்பு 0.26 சதுர செ.மீ. எனவே சுமார் 6,000 ஜூல். ஆறு மடங்கு! மென்மையான கவசத்தின் முன் கார்பைனும் பிஸ்டலும் ஒரே வகுப்பு. ரைபிள் வேறு வகுப்பு. 2008 நவம்பர் 26 அன்று மும்பை ரயில் முனையத்தில் தானியங்கி ரைபிள் ஏந்தியவர்களைப் பழைய .303 ரைபிளும் தடியும் கொண்டு எதிர்கொண்ட காவலரின் நிலையும் இந்த வகுப்பு வேறுபாட்டையே நமக்கு உணர்த்துகிறது.

இங்கே இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க அரசின் 2008-ஆம் ஆண்டுத் தர நிர்ணயத்தில், மிகக் குறைந்த படியில் உள்ள சட்டை 8 கிராம் 9 மி.மீ. குண்டை நொடிக்கு 373 மீட்டர் வேகத்தில் தாங்குகிறதா என்றே சோதிக்கப்பட்டது. பிஸ்டலுக்கு அது போதும். கார்பைனின் 390 மீட்டர் அதைத் தாண்டுகிறது. காவலர் தவறுதலாகத் தம் தோழரைச் சுட்டுவிட்டால், அல்லது கார்பைன் பகைவர் கையில் சிக்கிவிட்டால், தோழரின் சட்டை எதற்காகச் சோதிக்கப்பட்டது என்ற கேள்வி எழும். 2023-இல் வெளியான புதிய தர நிர்ணயத்தில் தொடக்கப் படியே 398 மீட்டராக இருக்கிறது. கார்பைன் வாங்குவதற்கு முன், காவலர் அணிந்துள்ள சட்டை எந்தப் படியைச் சேர்ந்தது என்று பார்ப்பது உங்கள் கடமை.

சுவருக்கு அப்பால் உள்ள குழந்தை

"ரைபிள் வேண்டாம், அது சுவர்களைத் துளைத்து அடுத்த வீட்டில் இருப்பவரைக் கொன்றுவிடும். பிஸ்டல் தோட்டாவே பாதுகாப்பு." இது பலரும் சொல்லும் வாதம். கேட்பதற்குச் சரியாகவே தோன்றுகிறது. சோதனை என்ன சொல்கிறது?

1986-இல் மயாமியில் தன் ஊழியர் இருவரை ஒரு மோதலில் இழந்த பிறகு, எஃப்.பி.ஐ. எனப்படும் அமெரிக்க மையப் புலனாய்வுத் துறை குண்டுகளைச் சோதிக்க முறையான வழி வகுத்தது. பத்து விழுக்காடு ஜெலட்டின் கலந்த கட்டியை 4 டிகிரி செல்சியசில் குளிர்வித்து வைப்பர். அது தசையைப் போல் நடந்துகொள்ளும். கட்டியின் தன்மை சரியாக உள்ளதா என்று அறிய, சிறு எஃகுக் குண்டு ஒன்றை நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் செலுத்துவர். அது சுமார் 8.5 செ.மீ. ஆழம் செல்ல வேண்டும். பிறகு வெறும் கட்டியிலும், தடித்த துணி, சுவர்ப் பலகை, ஒட்டுப்பலகை, தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றின் ஊடாகவும் சுட்டு ஆழத்தை அளப்பர். ஆழம் ஏறத்தாழ 30 செ.மீ.க்குக் குறையவும் கூடாது, 45 செ.மீ.யைத் தாண்டவும் கூடாது.

அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் செங்கல் அல்ல. மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சப் பலகைகள். அத்தகைய சுவர்களில் பலரும் சோதனை செய்து பார்த்தனர். முடிவு பலருக்கு வியப்பளித்தது. 9 மி.மீ. குண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுவர்களைத் துளைத்துச் சென்றது. காவலர் பயன்படுத்தும் இலேசான 5.56 குண்டுகளோ பல வேளைகளில் அதைவிட விரைவில் ஆற்றலை இழந்தன.

ஏன் இப்படி? 9 மி.மீ. குண்டு கனமானது, குட்டையானது, வேகம் குறைந்தது. பலகையில் பட்டாலும் திசை மாறாமல் செல்லும். முனையில் குழி உள்ள குண்டு உடலில் மலர்ந்து விரியுமாறு செய்யப்பட்டது. ஆனால் சுவரில் பட்டால் அக்குழியில் ஜிப்சத் தூள் அடைத்துக்கொள்ளும். பிறகு அது விரியாமல் ஆணிபோல் செல்லும். 5.56 குண்டு மெல்லியது, நீண்டது, மிகுந்த வேகமுடையது. முதல் சுவரிலேயே நிலை குலைந்து புரளும். மென்முனை உடையதாயின் துண்டுகளாகச் சிதறும். துண்டுகள் இலேசானவையாதலால் விரைவில் வேகம் குறையும்.

இதனால் ரைபிள் பாதுகாப்பானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கவசம் துளைப்பதற்கென்றே செய்த ரைபிள் குண்டு சுவர்களை எளிதில் கடக்கும். சிதறிய துண்டும் உயிரைப் பறிக்கலாம். நாம் கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: சுவருக்கு அப்பால் இருக்கும் குழந்தையின் பாதுகாப்பைத் துப்பாக்கியின் பெயர் தீர்மானிப்பதில்லை, தேர்ந்தெடுத்த தோட்டாவும், அதைச் சுடுபவரின் குறியுமே தீர்மானிக்கின்றன.

நூறு முறை சுட்டால் போதுமா?

இனி நம்பகத்தன்மையைச் சோதிப்போம். ஒரு மாதிரித் துப்பாக்கியில் 100 தோட்டாக்களைச் சுட்டோம். ஒன்றும் சிக்கவில்லை. உடனே வாங்கிவிடலாமா?

நூற்றுக்கு ஒரு முறை சிக்கிக்கொள்ளும் குறையுள்ள துப்பாக்கி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தோட்டா சிக்காமல் போகும் நிகழ்தகவு 0.99. நூறும் சிக்காமல் போக வேண்டுமானால் 0.99-ஐ நூறு முறை பெருக்க வேண்டும். விடை 0.37. அதாவது குறையுள்ள துப்பாக்கியும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வாய்ப்பில் உங்கள் தேர்வில் தேறிவிடும்! 300 தோட்டாக்களைச் சுட்டால் அது ஏமாற்றும் வாய்ப்பு 0.05 ஆகக் குறைகிறது. புள்ளியியலார் இதை 'மூன்றின் விதி' என்பர். குறையின்றி எத்தனை முறை சுட்டீர்களோ, அந்த எண்ணால் 3-ஐ வகுத்தால், பழுதின் மேல் எல்லை 95 விழுக்காடு உறுதியுடன் கிடைக்கும். ஆயிரம் முறை சுட்டுப் பழுதே நேராவிட்டால், பழுது ஆயிரத்துக்கு மூன்றுக்கு மேல் இராது எனலாம். ஒரே துப்பாக்கியில் சுடுவதைவிடப் பல துப்பாக்கிகளில் பகிர்ந்து சுடுவது நல்லது. காவலர் பணியில் போடும் அதே தோட்டாவைச் சுடுவதும் இன்றியமையாதது. விலை மலிவான பயிற்சித் தோட்டா வழுக்கிச் செல்லலாம்; குழி முனைத் தோட்டா சிக்கலாம்.

குறியைச் சோதிக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். எல்லாக் காவலரும் முதலில் பிஸ்டலும் பிறகு கார்பைனும் சுட்டால், இரண்டாவது முறை கை பழகியதாலேயே மதிப்பெண் கூடியிருக்கலாம். எனவே பாதிப் பேர் பிஸ்டலிலும் பாதிப் பேர் கார்பைனிலும் தொடங்க வேண்டும். சிறந்த குறிகாரரை மட்டும் தேர்ந்தெடுக்கவும் கூடாது. சராசரியை விட, வரிசையில் கடைசியில் நிற்பவரின் மதிப்பெண்ணைப் பாருங்கள். நள்ளிரவில் அழைப்புக்குச் செல்பவர் அவராகவும் இருக்கலாம். ஓடி மூச்சிரைத்த பின் சுடுதல், இருளில் சுடுதல், இடக்கையால் சுடுதல், காரிலிருந்து இறங்கிச் சுடுதல் ஆகிய அனைத்தையும் தேர்வில் சேர்க்க வேண்டும்.

துப்பாக்கியைச் சுற்றியுள்ளவை

கார்பைனைக் காரில் வைக்கப் பூட்டுள்ள தாங்கி வேண்டும். பூட்டைத் திறந்து எடுக்க எத்தனை நொடி ஆகிறது என்று அளக்க வேண்டும். ஒருவருக்கு விலங்கு மாட்டும்போது கார்பைன் முதுகில் பாதுகாப்பாகத் தொங்க வேண்டும்; அதற்கு வார் வேண்டும். இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ளும் ஆயுதம், கதவைத் திறக்கவோ காயமுற்றவரைத் தூக்கவோ கையை விடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

செலவுக் கணக்கில் கார்பைன் முந்துகிறது. ஒரே தோட்டா என்பதால் சேமிப்புக் கிடங்கு எளிதாகிறது. பிஸ்டல் பயிற்சிக்கென அமைந்த உள்ளரங்கிலேயே இதையும் சுடலாம். ரைபிள் குண்டோ அத்தகைய அரங்கின் தடுப்புகளையும் எஃகு இலக்குகளையும் சேதப்படுத்தும். பயிற்சி எளிதாகக் கிடைக்கும் ஆயுதத்தில்தான் காவலர் மிகுதியாகப் பயிற்சி பெறுவர். ஆண்டுக்கு ஒரு முறை தொட்டுப் பார்க்கும் சிறந்த துப்பாக்கியை விட, மாதந்தோறும் பழகும் நடுத்தரத் துப்பாக்கி மேலானது.

முடிவு என்ன?

வடக்கு ஹாலிவுட் நிகழ்ச்சிக்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை தன் ரோந்து அலுவலர் சிலருக்கு ராணுவத்திலிருந்து பெற்ற எம்.16 ரைபிள்களை அளித்தது. அமெரிக்காவின் பல காவல்துறைகளும் 5.56 மி.மீ. ரோந்து ரைபிளையே தேர்ந்தெடுத்தன. பிரிட்டனிலும் 9 மி.மீ. எம்.பி.5-இன் இடத்தைப் பல படைகளில் 5.56 கார்பைன்கள் பிடித்துக்கொண்டன. கவசமும் சுவரும் சேர்ந்து தராசை அப்பக்கம் சாய்த்தன எனலாம்.

ஆயினும் பிஸ்டல் தோட்டாக் கார்பைன் தோற்றுப்போயிற்று என்பதன்று பொருள். விளக்கத்தாளின் மூன்று நன்மைகளையும் திரும்பப் பாருங்கள். குறி பற்றிய வாக்கு முழு உண்மை. வேகம் பற்றிய வாக்கு உண்மைதான், ஆனால் பெரிதாக எண்ணுவதற்கில்லை. ஒரே தோட்டா என்பது வசதியே. ஆனால் பிஸ்டலால் முடியாத இடத்தில் அதே தோட்டாவாலும் முடியாது. கவசம் அணிந்த எதிரி அரிதாகவும், பயிற்சிக்குப் பணமும் இடமும் குறைவாகவும் உள்ள சிறிய ஊருக்கு இது பிஸ்டலைவிட நிச்சயம் மேம்பட்டது. தவறிய குண்டுகளைக் குறைப்பதே உங்கள் முதல் நோக்கமானால் இது தகுந்த கருவி. ரைபிள் ஏந்திய கொள்ளையரை எதிர்கொள்வதே நோக்கமானால் இது போதாது.

ஒரு கருவியை மதிப்பிடுவதற்கு முன், அதைக்கொண்டு எந்தச் சிக்கலைத் தீர்க்க விரும்புகிறோம் என்று தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். பிறகுதான் அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டும். துப்பாக்கிக்கு மட்டுமன்று, எந்த எந்திரத்துக்கும் இது பொருந்தும். அளவுகோல் சொல்லாத ஒன்றும் உண்டு. எப்போது சுடுவது, எப்போது சுடாமல் பேசித் தீர்ப்பது என்ற தீர்ப்பு எந்தக் குழலிலும் பொருத்தப்படுவதில்லை. அதைக் காவலரின் உள்ளத்தில் வளர்ப்பதற்கும் நீங்கள் நிதி ஒதுக்கியாக வேண்டும்.